அம்மாவின் வருமானத்தைக் கூவிய பெட்டி

கல்லூரியில் பணத்தின் வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. முதலில் மாடு, பிறகு சோழி, உப்பு, காசு, நோட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிரில் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரி, எங்க ஒளிச்சி வச்சாங்கன்னு போடலியா?" என்றாள்.

போடவில்லை. பாடநூல் எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை; ஒளித்தவள் அவர் மனைவியாக இருந்திருப்பாள்.

அம்மா ஒளித்தது உளுத்தம்பருப்பு டப்பாவில். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் அருகே தள்ளுவண்டியில் இட்லி விற்று, சொந்தமாக ஒரு கடை பிடிக்க அட்வான்ஸ் சேர்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு விற்கிறது என்று அப்பாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியாது.

சில்லறைத் தகராறு தீரட்டும் என்று வண்டியில் போனிலிருந்து பணம் போட ஸ்கேன் அட்டையும், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியும் வைத்தேன். எதிரிலேயே அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு. பொருளாதாரம் படித்த எனக்கு அது உறைக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம். "எண்பது ரூபாய் பெறப்பட்டது, நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி ஓயாமல் கூவியது. வண்டியை மூடும்போது அப்பா வந்தார்.

"இன்னாடி, கொட்டுது போல கீதே. இனிமே வூட்டு செலவு உன்னுது."

"யோவ், உளுந்து இன்னா உங்கம்மா வூட்லேர்ந்தா வருது?"

"பொட்டி பொய் சொல்லாதுடி."

சொன்னபடியே வீட்டுக்குக் காசு தருவதை நிறுத்தினார். மளிகைக்கு டப்பாவைத் திறக்க வேண்டியதாயிற்று. கடை அட்வான்ஸ் சாம்பாராகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அப்பாவின் ஆட்டோவிலும் அதேபோல ஒரு பெட்டியை மாட்டினேன். "படிச்ச பொண்ணு வாங்கிக் குடுத்தது" என்று ஸ்டாண்டு முழுக்கக் காட்டினார். மத்தியானம் ஏர்போர்ட்டிலிருந்து வந்த சவாரி ஸ்டாண்டிலேயே இறங்கிப் பணம் போட்டது.

"நானூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது!"

"மச்சான், ஒரு சவாரிக்கு நூறுகூட தேறலன்னியே!" என்று பக்கத்து ஆட்டோக்காரர் எகிறினார். "இன்னிக்கு பிரியாணி செலவு உன்னுது!"

சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல்: "யோவ், எனக்கும் கேட்டுச்சுய்யா!"

சாயங்காலம் அப்பா என்னிடம் வந்தார். "இத்த கழட்டும்மா. ஒரே பேஜாரு."

"கழட்டறேன். வூட்டுக்கு எப்பவும் போல காசு குடு. அம்மா கணக்க கேக்காத."

முறைத்தார். பிறகு மளிகைக்காசை எடுத்து என் கையில் திணித்தார்.

அவர் பெட்டியைக் கழற்றிவிட்டேன். அம்மாவின் பெட்டி இன்னும் கூவுகிறது. அது வாயைத் திறந்தாலே அப்பா ஆட்டோவில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.