பெட்டி மடவையும் ஆற்று மடவையும்

பத்தாவதில் கணக்கில் தவறினாள், மறுபடி எழுதிப் பட்டம்வரை போனாள். பெண்ணை ஏற்றமாட்டோம் என்றவர்களின் படகிலேயே ஏறினாள். 'மீன்காரி வூட்டுப் பொண்ணா?' என்று கேட்ட ஆய்வுக்கூடத்திலேயே வேலை வாங்கினாள். தங்கை செங்கொடி ஜெயித்ததையெல்லாம் காத்திவாக்கத்தில் மீன் விற்கும் குணசுந்தரி இப்படித்தான் வரிசை மாறாமல் சொல்வாள்.

கழிமுகத்தில் தண்ணீர் எடுக்கப் போகும் நாளில் செங்கொடி வளையலைக் கழற்றிவிடுவாள். நகத்தை ஒட்ட வெட்டுவாள். அதற்கு முந்தின நாளே அடுப்படியில் வந்து நிற்பாள்.

"நாளிக்கு மீன் கொயம்பு வாணாங்கா. கைல ஒட்டிக்கும்."

"இன்னாடி இது, மீன்காரி வூட்ல மாசாமாசம் புரட்டாசி!" என்று இடித்துவிட்டுப் பருப்பைக் களைவாள் குணசுந்தரி.

மீன் தண்ணீரில் விட்டுப்போகும் வழவழப்பையும் செதிலையும் வைத்தே அது எந்த மீன் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். செங்கொடி அக்காவுக்குச் சொன்ன பாடம் இது: "டி.என்.ஏ. மீனு செத்தாலும் கொஞ்ச நாளு தண்ணில நிக்கும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் அழிஞ்சிரும். அது கெடச்சிச்சின்னா, மீனு உசுரோட உள்ள கீதுன்னு அர்த்தம்." அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் மடவை மீன் இன்னும் வாழ்கிறதா? இல்லையென்றால் 'உயிரற்ற நீர்' என்று எழுதித் தூர்க்க விட்டுவிடுவார்கள்.

முதல்முறை எடுத்த தண்ணீரில் மடவை வந்தது. கூடவே வஞ்சிரமும் வந்தது.

"ஆழ்கடல் வஞ்சிரம் நம்ம ஆத்துலயா? அப்ப நான் இன்னாத்துக்குக் காசிமேட்டு ஏலத்துக்கு ஓடுறேன்!" என்று சிரித்த குணசுந்தரி, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பாட்டில்களைக் குளிரில் வைக்கச் செங்கொடி எடுத்துப்போனது அக்காவின் ஐஸ் பெட்டி. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்த பெட்டிதான். ஆனால் மூடியில் ஒட்டிய ஈரமே போதும். சோதனைக்காகக் கூடவே வைத்த சுத்தமான தண்ணீரிலும் வஞ்சிரம் இருந்தது.

"வஞ்சிரத்த மட்டும் அடிச்சிட்டு மீதிய அனுப்பு. யாரு கேக்கப் போறாங்கோ?" என்றான் கூட வேலை செய்யும் தௌசீஃப்.

"எங்கக்கா அந்தப் பொட்டில மடவையும்தான் விக்கிறா, தோஸ்து. ஐஸ்ல கெடந்தா ஆர்.என்.ஏ.வும் அழியாம நிக்கும். ஆத்து மடவை எது, பொட்டி மடவை எது, நீ சொல்லு பாக்கலாம்."

செங்கொடி மொத்தத்தையும் தள்ளுபடி செய்தாள். மீன் வாடையே படாத புதுப் பெட்டியோடு இடுப்பளவுச் சேற்றில் மறுபடி இறங்கினாள். இந்த முறை மடவை வராவிட்டால் கழிமுகத்தின் கதை முடிந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

வந்தது. வஞ்சிரம் இல்லை. சுத்தமான தண்ணீரில் எதுவுமே இல்லை. கழிமுகத் தண்ணீரில் மடவையின் ஆர்.என்.ஏ. இருந்தது.

"நீ கையெழுத்து போட்டத காட்டுடி" என்று முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள் குணசுந்தரி. செங்கொடி புது அறிக்கையைக் காட்டவில்லை. கோப்பைப் பின்னால் புரட்டி, "மொதமொதோ போட்டது இதுலதாங்கா" என்று ஒரு பழைய தாளில் விரலை வைத்தாள். 'பெட்டியால் கெட்டது. தவறு என்னுடையது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.' அதன் கீழே, செங்கொடி, 9.8.2024.