கிளிப்பில் விரல் இல்லாதபோது வந்த எண்

அன்று காலை அந்தத் திரையில் 97 என்ற எண்ணை நான் உண்மையாகவே பார்த்தேனா? ஐந்து மாதமாகிறது. ஆம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

செகந்திராபாத் பக்கம் மாதாப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு எங்கள் குழு மென்பொருள் எழுதித் தருகிறது. பிறந்த குழந்தையின் பாதத்தில் சிறு கிளிப்பை மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும் கருவி. கிளிப்பில் உள்ள சென்சார் சொல்வதைக் கருவியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரியவைக்கும் நிரலைத்தான் டிரைவர் என்கிறோம். சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய டிரைவர் அதில் ஓடவில்லை. அதை மாற்றி எழுதும் வேலை, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய எனக்கு வந்தது.

என் மகளும் பிறந்த முதல் மூன்று நாள் அப்படி ஒரு கிளிப்போடு கிடந்தவள். அந்த நாட்களில் அவள் முகத்தைவிட எண்ணைத்தான் அதிகம் பார்த்தேன்.

பழைய டிரைவரில் மூன்று வரிகள் இருந்தன. மின்சாரம் வந்ததும் சென்சாரை ஒருமுறை அணைத்து எழுப்பி, அது நிலைக்கு வரும்வரை சற்றுக் காத்திருக்கச் சொல்லும் வரிகள். எதற்காக என்று விளக்கம் இல்லை. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். புதிய பதிப்பு அதைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அதன் ஆவணத்தில் இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு மூன்று வரிகளையும் நீக்கினேன்.

சோதிக்காமல் விடவில்லை. லேபில் இருந்தது திரையும் கிளிப்பும் மாட்டிய ஒரே ஒரு சோதனை போர்டுதான். பலரும் வீட்டிலிருந்தே அதில் வேலை செய்வதால் யாரும் அதை அணைப்பதில்லை. தொடக்கூடாது என்று ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டியிருக்கும். ரீபூட் செய்ய ஒரு கட்டளை போதும். ஆறு மணிக்குள் மகளைக் கிரெச்சிலிருந்து அழைத்து வர வேண்டும் என்பதால், பாதிச் சோதனையை வீட்டிலிருந்துதான் செய்தேன். நூறு ரீபூட், நூறும் பாஸ். அந்த நூறு முறையும் சென்சாருக்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ரிலீஸுக்கு முந்தைய சனி, ஞாயிறு கட்டடத்தில் மின் வேலை நடந்தது. இரண்டு நாளும் லேபில் கரண்ட் இல்லை. திங்கள் காலை நான்தான் முதல் ஆள். சுவரில் மெயின் ஸ்விட்சைப் போட்டேன். போர்டு உயிர் பெற்றது. கிளிப் மேசைமேல் சும்மா கிடந்தது. சோதிக்கும்போது நாங்கள் வைக்கும் விரல் அதில் இல்லையென்றால் திரையில் இரண்டு கோடுகள் மட்டுமே வர வேண்டும். 97 வந்தது, நலமாக இருக்கும் குழந்தைக்கு வர வேண்டிய எண். இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று. அப்புறம் கோடுகள்.

என் கை தானாகப் போய் ரீபூட் கட்டளையைத் தட்டிவிட்டது. எது புரியாவிட்டாலும் முதலில் ரீபூட் செய்து பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிய பழக்கம். தட்டிய பிறகுதான் லாக் நினைவுக்கு வந்தது. நடந்ததைப் பற்றிய குறிப்பெல்லாம் அந்த போர்டின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ரீபூட்டோடு அதுவும் போயிற்று.

நான் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை பெற்று வந்தவளுக்குக் கவனம் போதவில்லை என்று பேசுவார்களோ என்ற பயம். ஆளில்லாத நேரமாகப் பார்த்து பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். நாற்பது முறை. எல்லாம் கோடுகள். பக்கத்து இருக்கையில் சோதனைப் பிரிவு அக்கா. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

"என்னா, மூஞ்சி இப்படி இருக்கு? பாப்பா தூங்க விடலையா?"

"ஆமாக்கா."

"ஹவ், ஆமா, அப்படித்தான் இருக்கும். என் பையன் காலேஜ் போறான், நான் இன்னும் பழைய தூக்கத்தையே தூங்கி முடிக்கல."

சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வியாழன் மாலை ரிலீஸ் போயிற்று. வெள்ளிக்கிழமைதான் அவரிடம் வாய் திறந்தேன்.

"நாலு நாளா வயித்துலயே வெச்சிருந்தியா? கைக்கு? எதுக்கு?"

"நான் சரியா பாத்தேனான்னே தெரியலக்கா."

"அத நீ ஒருத்தியா முடிவு பண்ண நக்கோ, வேணாம். எந்திரி."

கையைப் பிடித்து டீம் லீடிடம் கூட்டிப்போனார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர்தான். "ப்ரூஃப் உந்தா அம்மா?" என்றார். ஆதாரம் இல்லை. லாக்? அழிந்துவிட்டது. யார் ரீபூட் செய்தது? "நான்தான் சார்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நூறும் பாஸ்னு மெயில் போட்டதும் நீங்கதான், டவுட் சொல்றதும் நீங்கதான். நான் எதை நம்பட்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மூன்று வரிகளையும் திரும்பச் சேர்க்க ஒத்துக்கொண்டார், ஆனால் அடுத்த பதிப்பில். அது எல்லா ஒப்புதலும் வாங்கி வெளியே போக இன்னும் மாதங்கள் ஆகும். வெளியே போன கருவிகளைத் திரும்பக் கேட்க, ஒருத்தி மூன்று நொடி பார்த்ததாக நினைப்பது போதாது என்றார். எழுத்திலும் அனுப்பினேன். குறித்துக்கொண்டதாக ஒரு வரி பதில் வந்தது.

அதன் பிறகு மூன்று வாரம், அவரிடம் கேட்டுக்கொண்டு, அன்று போலவே இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கட்டும் என்று வெள்ளி மாலை போர்டை அணைத்துவிட்டுத் திங்கள் காலை போனில் வீடியோ எடுத்தபடி போட்டேன். மூன்று முறையும் கோடுகள்தான். ஒவ்வொரு முறையும் நிம்மதி சாயங்காலம்வரை இருந்தது. கிரெச் வாசலில் மகள் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது போய்விட்டது. பல நாள் மூலையில் கிடந்த கருவியை, அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தைக்காக அவசரமாகப் போடுவார்கள் அல்லவா? அந்த மூன்று நொடியில் ஒரு நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டால்?

என் கணவர் ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "எங்க ஷாப்ல ஒருத்தன் சத்தம் வேற மாதிரி கேக்குதுன்னா போதும், மெஷினை நிறுத்திடுவோம். ஒண்ணும் இல்லன்னா அவனைக் கிண்டல் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

"நிறுத்துற ஸ்விட்ச் என்கிட்ட இல்லைங்களே."

"இருக்கறவங்ககிட்ட சொல்லேன்."

இருப்பது அந்தக் கருவி நிறுவனத்தின் தரப் பிரிவில். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் என் லீடைத் தாண்டிப் போவதாகும், வேலை போகலாம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நான் பார்த்தது பொய்யாக இருந்து, நல்ல கருவிகளை வார்டிலிருந்து எடுத்துவிட்டால், அந்த நாட்களில் கிளிப் இல்லாமல் கிடக்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு?

இதைப் படிப்பவர்களில் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் இருப்பீர்கள், இயந்திரங்களோடு பழகியவர்கள் இருப்பீர்கள், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருப்பீர்கள். நிரூபிக்க முடியாத மூன்று நொடியை வைத்துக்கொண்டு நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கடிதத்தை அனுப்பட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள்.