வாசலில் நிற்காத ரஹ்மத் பீவி

"ஒரு போட்டோதானே ஆன்ட்டி," என்றேன். "ரெண்டு நிமிஷம். நம்பர் பலகையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும், அவ்வளவுதான்."

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பழைய போர்வை திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் தரையில் ரஹ்மத் பீவி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். அவருடைய கணவர் பாட்சா இறந்து எண்பது நாள் ஆகியிருந்தது. கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பதை முஸ்லிம்கள் இத்தா என்பார்கள்.

"வெளிய நிக்கிறவன் ஆம்பளதான?" என்று கேட்டார்.

"ஆமா. சின்னப் பையன். இந்த வார்டுல குடிசைக் கணக்கெடுக்கப் பொம்பளை ஆள் போடலையாம்."

"அப்ப இத்தா முடியட்டும்னு சொல்லு பிள்ள. நாப்பது வருசம் எட்டிப் பாக்காத கவருமெண்டு. இன்னும் அம்பது நாளு பாக்காம இருந்தா கொறஞ்சா போயிரும்?"

அந்தப் பையன் வருவது இது மூன்றாவது முறை என்றும், இதற்குமேல் வரமாட்டான் என்றும் சொன்னேன். தெரியும் என்றார். குடிசைக்குப் பதிலாகக் கிடைக்கவிருக்கும் வீடே கைவிட்டுப் போகலாம் என்றேன். அதுவும் தெரியும் என்றார். எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. யார் உங்களை இப்படி இருக்கச் சொன்னது என்று கேட்டுவிட்டேன்.

"யாரும் சொல்லல. எம்மவன் அதீப்பு போங்கம்மான்னுதான் சொல்லுதான். மேலப்பாளையத்துல இருந்து எங்க அண்ணன் போன் போட்டு, அவசரம்னா வெளிய வரலாம்னு பள்ளிவாசல் ஹஸரத்தே சொல்லிட்டாருன்னாக. எனக்குத்தான் மனசு வரல." போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "அவுக ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட காலைல இடியாப்பம் புழிஞ்சு குடுத்துட்டுத்தான் போயிப் பாத்தேன். அந்த மனுசனுக்காக ஒரு நாளு வேலய நிறுத்துனது இல்ல. இப்ப நிறுத்தியிருக்கேன். இதுக்குள்ள வந்து கணக்கெடுக்காத."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு நாளும், வற்புறுத்தாததே சரி என்று இன்னொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன்.

சாங்வியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்புறம், ஆற்றை ஒட்டி அறுபது எழுபது குடிசைகள் இருந்தன. கல்யாணமாகி புனேக்கு வந்த நாளிலிருந்து ரஹ்மத் பீவி இருந்தது அங்கேதான். பாட்சா சைக்கிளில் பாயும் நைலான் கயிறும் விற்றார். இவர் விடிவதற்குள் இடியாப்பம் அவித்து, எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் இருந்த தமிழ் வீடுகளுக்கு அனுப்புவார். ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவுக்குக் கம்பெனி வண்டி பிடிப்பவர்கள் பலர் அவர் வீட்டு வாசலில் நின்று பொட்டலம் வாங்கிப்போவார்கள். அதே ஆட்கள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஆக்கிரமித்தவர்களுக்கெல்லாம் நம் வரிப்பணத்தில் இலவச வீடா என்று எழுதுவார்கள். எங்கள் கட்டடத்துக்குக் கூடுதலாக இரண்டு மாடிக்கு அனுமதி கிடைத்தபோது யாரும் நம்பர் பலகையோடு வாசலில் நிற்கவில்லை. அதை நான் குழுவில் எழுதவில்லை. எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன்.

அன்று வெளியே வந்து கணக்கெடுக்கும் பையனிடம் பேசினேன். ஏழாவது வரை மராத்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள் நான். அந்தக் குடிசைகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு மனுவோ படிவமோ வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கெட்டவன் இல்லை. வெயிலில் டேப்லெட்டைத் துணியால் மூடிக்கொண்டு பொறுமையாக நின்றான். குடும்பத் தலைவரின் முகமும் கட்டைவிரலும் பதியாமல் அடுத்த பக்கம் திறக்காது, வீடு பூட்டியிருந்தது என்றுதான் போட முடியும் என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். இறந்தவரின் மகன் இருக்கிறாரே, வாரிசு என்று அவரை நிறுத்திவிடலாமே?

எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருடைய பிடிவாதமும் தோற்க வேண்டியதில்லை. அதீப்பை நானே கூப்பிட்டேன். சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அம்மாவைப் பார்க்க அன்று விடுப்பில் வந்திருந்தார். தலையைச் சீவிக்கொண்டு வாசலில் வந்து பலகையைப் பிடித்தார். கட்டைவிரலை வைத்தார். உள்ளேயிருந்து ரஹ்மத் பீவி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிஞ்சுது ஆன்ட்டி என்று நான்தான் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து வார்டு அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அவர் வீட்டு எண்ணுக்கு நேராக, குடும்பத் தலைவர் அதீப், தகுதியற்றவர் என்று இருந்தது. நகரத்தில் சொந்த வீடு உள்ளவருக்குக் குடிசை மாற்றுத் திட்டத்தில் இடமில்லை. அதீப் இரண்டு வருடம் முன்புதான் கடன் வாங்கி, சிஞ்ச்வட்டில் ஒரு படுக்கையறை வீடு வாங்கியிருந்தார். அது எனக்குத் தெரியும். பால் காய்ச்சிய அன்று போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். விதிமுறை இருந்த மராத்திச் சுற்றறிக்கையும் என் போனில் இருந்தது. நான் அதைத் திறந்து படிக்கவில்லை. அந்தத் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்த தமிழ்க்காரி நான் ஒருத்திதான்.

ரஹ்மத் பீவியிடம் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவன் பேருல எழுதுனா அவன் வீடாயிரும். இது என் வீடுல்லா," என்று மட்டும் சொன்னார். வார்டு அலுவலகத்தில், பெயரை மாற்றித்தர முடியாது என்றார்கள். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்காக இடிப்பது நிற்காது.

மார்ச்சில் இடித்தார்கள். தகுதி பெற்றவர்கள் சாவி வரும்வரை தற்காலிகக் கொட்டகைக்குப் போனார்கள். இவருக்கு அதுவும் இல்லை. ஜேசிபி ஓட்டுநரிடம், சுவர்க் கடிகாரத்தைக் கழற்ற ஒரு நிமிடம் கேட்டார். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எங்கள் பால்கனிகளில் சிலர் வீடியோ எடுத்தார்கள்.

இப்போது அவர் மகன் வீட்டில் ஆறாவது மாடியில் இருக்கிறார். மருமகள் நாஸியா நல்ல பெண். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறது. அங்கேயும் இடியாப்பம் போட்டுப் பார்த்தார். பத்து நாளில், குடியிருப்பில் வியாபாரம் கூடாது என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வாங்க வருபவர்களின் பெயரை வாயிற்காவலர் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டு மேலே போன் செய்வார். நாஸியாவுக்கு அது சங்கடம். ரஹ்மத் பீவி வியாபாரத்தை நிறுத்திவிட்டார். கடைக்குப் போக வேண்டுமென்றால்கூட, "போயிட்டு வரட்டுமா?" என்று மருமகளிடம் கேட்டுவிட்டுப் போகிறார். போகாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மேல்முறையீட்டு மனுவை எங்கள் கட்டடத்தில் இருக்கும் வக்கீல் பத்ரிநாத் பார்த்துக்கொடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதினால் தள்ளிவிடுவார்கள் என்றார். கூப்பிட்டும் தானாக வராதவருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வர முடியாதபடி தடுக்கப்பட்ட பெண் என்றால் அதிகாரி தன் விருப்ப அதிகாரத்தில் சேர்க்கலாம். ஒரு வாக்கியத்தை அவரே மராத்தியில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். குடும்பத்தாராலும் சமூகக் கட்டுப்பாட்டாலும் வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த, எழுதப் படிக்கத் தெரியாத விதவை. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மனுவே வேண்டாம் என்றார் பத்ரிநாத்.

லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் போனேன். அதீப் வேலைக்குப் போயிருந்தார். ரஹ்மத் பீவியிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன் மனுவைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் குரலைத் தணித்து வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். இது வெறும் காகிதத்துக்குத்தான், இதுதான் கடைசி வழி, அதீப்பே சரி என்றுவிட்டார் என்றும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி என்னிடமே கொடுத்தார்.

"அவன் சரிம்பான். எனக்காக எதையும் சரிம்பான். அவன் என்னை அடைச்சு வச்சான்னு சர்க்கார் தாள்ல இருக்கக் கூடாது பிள்ள. அந்த வரிய அடிச்சிரு. கூப்புட்டாங்க, தெரிஞ்சுதான் வரலன்னு எழுது. எழுதிட்டு வாசி, அப்புறம் கையெழுத்துப் போடுதேன்."