ஆறு பல்லு பினியன்

எங்க ஊட்டுக்காரருக்கு ஹிந்தி தண்ணி பட்ட பாடு. சண்டை போடுவாரு, கிண்டல் பண்ணுவாரு, போலீஸ்காரன் வண்டிய மறிச்சா அண்ணேங்கிற மாதிரி பையா பையான்னு குழைஞ்சு பேசித் தப்பிச்சு வந்துருவாரு. ஆனா எண்ணச் சொன்னா மட்டும் தமிழ்தான். எத்தனை வருசம் டெல்லியில கெடந்தாலும் வாய்க்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னுதான் ஓடும். நானும் அப்படித்தான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல சமைக்கப் போற வீட்டுல குக்கர் விசிலத் தமிழ்லதான் எண்ணுறேன். அதுல என்ன கொறஞ்சு போச்சுன்னு இருந்தோம்.

அவரு ஓட்டுறது தண்ணி டேங்கர். வண்டி எங்களோடது இல்ல, மாலிக்கோடது, அதான் மொதலாளியோடது. எங்க காலனி ஒரு பாறை மேட்டு மேல இருக்குது. குழாய் இருக்கு, தண்ணி இல்ல. டேங்கர் ஏறி வந்தாத்தான் எங்க சந்துல உலை வைக்க முடியும். அந்த மேட்ட மாலிக் இவரு பொறுப்புலதான் விட்டிருந்தாரு. எதிர்ல வந்தா ஆம்பளைங்க வழி விடுவாங்க, பொம்பளைங்க அண்ணே சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. எனக்கும் கொஞ்சம் மெதப்புதான், ஏன் பொய் சொல்லணும்?

போன கோடையில வண்டி பின்னாடி ஊளையிட ஆரம்பிச்சுது. பின் ஆக்ஸில்ல பல்லு போயிருச்சுன்னு வண்டி ரிப்பேர் பாக்குற மிஸ்திரி சொல்லிட்டான். எனக்கு அது என்ன எழவுன்னு புரியல. அவருதான் சோத்துத் தட்டுல விரலால வரைஞ்சு காட்டுனாரு. ஆக்ஸிலுக்கு நடுவுல பெரிய பல்சக்கரம் ஒண்ணு, அது கிரவுன். அதச் சுத்தி விடுற சின்னது பினியன். பெருசுல நாப்பத்தொண்ணு பல்லு, சின்னதுல ஆறு. சின்னது கிட்டத்தட்ட ஏழு சுத்து சுத்துனாத்தான் டயரு ஒரு சுத்து சுத்தும். வேகம் கம்மிதான், ஆனா புல்லிங் இருக்கும், பாரத்தோட மேடு ஏறும். சின்னதுல பல்லு கூடிப்போனா அஞ்சு சுத்துலயே டயரு சுத்திரும். ரோட்டுல பறக்கும், மேட்டுல படுத்துரும். வெறுங்கையோட ரெண்டு ரெண்டு படியா தாவலாம், கேஸ் சிலிண்டரத் தோள்ல வச்சுகிட்டுத் தாவ முடியுமான்னு கேட்டாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

புதுசு வேணாம், பழைய சாமான் கடையில ஒரு செட்டு பாருன்னுட்டாரு மாலிக். இவரு வீட்டுல இருந்தே கடைக்காரனுக்குப் போன் போட்டாரு. நான் பக்கத்துல பாத்திரம் தேய்ச்சுகிட்டிருந்தேன். நாப்பத்தொண்ணுங்கிற பெரிய எண்ண மிஸ்திரி ஹிந்தியில சொல்லச் சொல்ல இவரு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு, இக்தாலீஸ், இக்தாலீஸ்னு. சின்னது தானே, தன்னால வாயில வரும்னு விட்டுட்டாரு. தன்னால வந்தது தமிழ்.

"கிரவுன் இக்தாலீஸ். பினியன் ஆறு."

"ஆட்?" அந்தப் பக்கம் கடைக்காரன் கத்துனது எனக்கே கேட்டுச்சு.

"ஹான் ஹான், ஆறு."

சாமான் வந்துச்சு. பழசும் வந்ததும் பெரிய சக்கரம் ரெண்டும் ஒரே மாதிரி இருந்ததால மிஸ்திரி சின்னத எண்ணாமயே மாட்டிட்டான். காலி வண்டிய ஓட்டிப் பார்த்துட்டு வந்து, புதுசு மாதிரி போகுது புள்ளன்னு வாயெல்லாம் பல்லா நின்னாரு. மறுநா காலையில நாங்க கேனு, குடம், பக்கெட்டோட மேல காத்துகிட்டிருந்தோம். டேங்கர் பாதி மேட்டுல நின்னுபோச்சு. எஞ்சின் கத்துது, கிளட்ச் கருகுற நாத்தம் எங்க வரைக்கும் வருது, வண்டி அசையல. பின்னால உருள ஆரம்பிச்சதும் யாரோ டயருக்குக் கல்ல முட்டுக் குடுத்தாங்க. பாரத்தக் கொறைக்க வேற வழியில்லாம அவரு வால்வத் தொறந்து விட்டாரு. எங்க தண்ணி எங்க கண்ணு முன்னாலயே மேட்டுல ஓடுச்சு. பொம்பளைங்க குடத்தத் தூக்கிகிட்டு அது பின்னாடியே ஓடுனாங்க. நானும்தான் ஓடுனேன்.

திரும்பப் பிரிச்சுப் பாத்தா, பினியன்ல எட்டுப் பல்லு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு வீட்டுக்கு வந்து குதிச்சாரு. நான் தெளிவா ஆறுன்னுதானே சொன்னேன், நீயே கேட்டியேன்னாரு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"ஏங்க, ஹிந்தியில ஆறுக்கு என்ன?"

"சே."

"ஆட்னா?"

எட்டுன்னு சொல்லும்போதே அவருக்கு வெளங்கிருச்சு. அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. தவளை தன் வாயாலதான் கெடும்னு சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சுகிட்டிருக்கும்போதே அழுகை முட்டிகிட்டு வந்துச்சு.

சரி, ஆறு பல்லு ஒண்ணு தேடி மாத்திட்டாப் போச்சுன்னு நெனச்சோம். மாலிக் மாட்டேன்னுட்டாரு. சமதளத்துல வண்டி நல்லா ஓடுது, டீசலும் கம்மியாக் குடிக்குது, அத எதுக்குப் பிரிக்கணும்? மேட்டு வேலையே இனி வேணாம்னுட்டாரு. இவரு கெஞ்சிப் பாத்தாரு, ஹிந்தியில அத்தனை அழகாக் கெஞ்சத் தெரிஞ்ச மனுசன். நடக்கல.

சந்துல விசயம் பரவிருச்சு. வேணும்னே பண்ணிட்டான், பெரிய ஆளுங்க ஏரியாவுக்குத் தண்ணி விக்கப் போயிட்டான்னு பேசுனாங்க. ஒரு சொல்லு மாறிப் போச்சுன்னு நான் வீடு வீடாச் சொன்னேன். தமிழ் தெரிஞ்சவங்களே நம்பல, மத்தவங்ககிட்ட என்னத்தச் சொல்ல? அண்ணேன்னு கூப்பிட்ட வாய் ஒண்ணு எங்க வாசல்ல காறித் துப்பிட்டுப் போச்சு. நான் திருப்பித் திட்டல. அவளுக்கும் வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

போன வாரம் வேலைக்குப் போறப்ப பஸ் ஆர்.கே.புரத்துல மாட்டிகிச்சு. முன்னால ஒரு டேங்கர் தூசி அடங்குறதுக்காக ரோட்டுக்குத் தண்ணி தெளிச்சுகிட்டே போகுது. நல்ல தண்ணி. தெளிச்சது பாதி சாக்கடைக்கு ஓடுது. பஸ் தாண்டும்போது பாத்தேன், ஓட்டுறது எங்க ஊட்டுக்காரரு.

சாயந்தரம் வந்ததும் கேட்டேன், கொஞ்சம் மிச்சம் வச்சு மேட்டுக்குக் கீழயாவது நிறுத்தக் கூடாதான்னு. மாலிக்ட்ட கேட்டுட்டாராம். நிறுத்துனா உங்க சனம் வண்டிய அடிச்சு நொறுக்கிரும்னு சொன்னாராம்.

"அவரு சொல்றது நெசந்தான் புள்ள," ன்னாரு.

கீழ வேற யாரோ விடுற டேங்கர் வந்திருக்குன்னு வெளிய சத்தம் கேட்டுச்சு. நான் கேன எடுத்தேன். ரெண்டு கேனு, ஒருத்தியால தூக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தாரு. சனம் எறங்கிப் போறதப் பாத்துட்டு உள்ள போயி கதவச் சாத்திகிட்டாரு.