பெண் அழைப்பில் வாசித்த பிடில் மெட்டு

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பிடில் வாசிக்கும் வீடியோவை இன்று காலை போனில் பார்த்தேன். அதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அது எனக்குத் தெரிந்த மெட்டு. ஒரு காலத்தில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கல்யாணங்களில் நானே வாசித்தது. அவர் அதை மெதுவாக, நின்று நின்று வாசித்தார். கீழே அதன் கதையை எழுதியிருந்தார்கள். மலைக்கிராமத்துப் பிடில்காரர் ஒருவர் மனைவி செத்த துக்கத்தில் கட்டிய மெட்டாம். அவளைப் புதைத்துவிட்டு வந்து வாசித்தாராம்.

நாங்கள் அதைப் பெண் அழைப்புக்கு வாசித்தோம். நீங்களே சொல்லுங்கள், வேறு எவனாவது இந்தக் காரியம் செய்வானா?

பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பரணிலிருந்து வயலின் பெட்டியை இறக்கினேன். திறந்ததும், வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியின் வாசனை. அரியலூர் ஸ்டேஷன் அருகே சைக்கிள் கடை மாடியில் எங்கள் மெல்லிசைக் குழு பழகிய அறையிலும் இதே வாசனைதான். ரயில் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டு டீ குடிப்போம். சிமென்ட் ஆலைக்கு வந்துபோன வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுச்சென்ற கேசட்டை அவருடைய டிரைவர்தான் எங்களிடம் கொடுத்தார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. அதிலிருந்த இந்த மெட்டை நான் காதால் கேட்டே கற்றுக்கொண்டேன்.

டிரம்ஸ் மணிக்குத்தான் பிடிக்கவில்லை. "என்னடா எழவு வூடு மாதிரி இருக்கு? இரு, நான் ஒரு குத்து போடறேன், எப்படி ஓடுதுன்னு பாரு" என்றான். பாவி, அன்றைக்கே சரியாகச் சொல்லியிருக்கிறான். அவன் குத்துப் போட்டதும் மெட்டு ஓடத்தான் செய்தது. பெண் காரிலிருந்து இறங்கி மேடைக்கு வரும்வரை அதுதான். "நீங்க போட்ட டியூனா சார்?" என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லாமல் சிரித்துவைப்பேன்.

மீன்சுருட்டியில் என் தங்கை கமலா கல்யாணத்துக்கும் அதையே வாசித்தேன். மாப்பிள்ளை சேகர் மேடையில் நின்றபடியே நாற்காலி முதுகில் தாளம் போட்டார். மூன்றாம் வருடம் சுண்ணாம்புக்கல் லாரி மோதிப் போய்விட்டார். அதோடு வயலின் பரணுக்குப் போனது. அந்தச் சாவையும் இந்த மெட்டையும் இதுவரை நான் சேர்த்து நினைத்ததில்லை. இன்று நினைத்தேன்.

வரும் புதன்கிழமை பெரம்பலூரில் கமலா மகளுக்குப் பெண் அழைப்பு. "மாமா, அம்மா கல்யாணத்துல வாசிச்ச அதே டியூன் எனக்கும் வேணும்" என்று போன மாதமே கேட்டாள். தாய்மாமன் அல்லவா, பெருமையாகத் தலையாட்டிவிட்டேன். இப்போது எந்தக் கையால் வாசிப்பது?

கமலாவுக்குப் போன் செய்தேன். வேறு பாட்டு வாசிக்கட்டுமா என்று சுற்றி வளைத்தேன். "ஏண்ணே?" என்றாள். எனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"பொண்டாட்டி செத்ததுக்கா வாசிச்சாரு?"

"ஆமாம்மா."

"குடுத்துவச்சவரு. அவருக்கு வாசிக்கத் தெரிஞ்சிது. எங்க வூட்டுக்காரரு போனப்ப எனக்கு வாய்விட்டு அழக்கூடத் தெரியல. நீயும் வயலினத் தூக்கிப் பரண்ல போட்டுட்ட."

போனைக் காதில் வைத்தபடியே வயலின் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"புதன்கிழமை அதையே வாசிண்ணே. அந்தாளு வாசிச்ச மாதிரி மெதுவாவே வாசி. எம்பொண்ணு மெதுவா நடந்து போவட்டும். நான் முன்னாடி வரமாட்டேன், கடைசித் தூணுகிட்டதான் நிப்பேன். அங்க வரைக்கும் கேக்கணும்."

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் புதுத் தந்தி மாட்டினேன். கேசட் எங்கே போனதோ தெரியவில்லை. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மணி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், குத்துப் போட ஆள் இல்லை. இனி வேண்டியதும் இல்லை. நாற்காலி முதுகில் தாளம் போட்ட அந்தக் கைதான் இல்லை.