யார் மூஞ்சியும் வராத கம்ப்யூட்டர்

கடலூரில் நான் வேலை பார்த்த கடையில் போன் அடித்தால், மறுமுனையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"குணா சார் இருக்காரா?"

வெளியே போயிருக்கிறார், நான் வளர்மதி, என்ன பிரச்சனை சொல்லுங்கள் என்பேன். "பரவால்லம்மா, அவரு வந்ததும் சொல்லிக்கிறோம்" என்று வைத்துவிடுவார்கள். குணா அந்தக் கடைக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே நான் அங்கே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தவள். அது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் ஆசைப்படவில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிய எரியத்தான் அந்தப் போனை எடுத்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், சிஸ்டம் ஸ்லோ என்று கால் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைப் பார் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் வேறொன்று சொல்வேன். குறிஞ்சிப்பாடி வீட்டுக் கதையைக் கேட்டால்தான் அது புரியும்.

1. பொட்டு வைத்த ஸ்டிக்கர்

குறிஞ்சிப்பாடியில் ஒரு கூட்டுக் குடும்பம். அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார், எல்லாருக்கும் சேர்த்து ஹாலில் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப். வீட்டு போட்டோக்கள் அத்தனையும் அதில்தான். அது ஸ்லோ ஆகிவிட்டது என்று குணா போய்ச் சரி செய்வான். சில வாரம் ஓடும், திரும்பவும் படுத்துவிடும். எங்கள் பாஷையில் அதற்கு ரிப்பீட் கால் என்று பெயர்.

நான்காவது தடவை போன் வந்தபோது குணா மாலை போட்டு சபரிமலைக்குப் போயிருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"வளர்மதி, குறிஞ்சிப்பாடிக்கு நீ போய்ட்டு வா. சிதம்பரத்துல பிராஞ்சு தொறக்கப் போறோம், அங்க யார இன்சார்ஜா போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. இந்த ரிப்பீட் கால் மொதல்ல நிக்கட்டும், பாப்போம்."

சிதம்பரம் குணாவுக்குத்தான் என்று கடையில் எல்லாரும் அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். எனக்கும் அந்த நாற்காலி வேண்டும். அவனால் முடியாத ஒரு வேலை என் கைக்கு வருகிறது என்றதும் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும் வடலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது மூத்த மருமகள் அமுதா. "குணா சார் வரலியா?"

காபி கொண்டுவந்தது சின்ன மருமகள் ரேவதி. "குணா சாருக்கு சக்கர ஜாஸ்தியா இருக்கணும். ஒங்களுக்கு எப்டி மேடம்?"

கேபினெட்டைப் பார்த்தேன். 'சர்வீஸ்: குணா' என்று போன் நம்பரோடு ஸ்டிக்கர். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நல்லது, வைக்கட்டும். ஆனால் அத்தனை பெரிய கேபினெட்டில் வேறு இடமே கிடைக்காமல், சரியாகக் குணாவின் பெயர் மேலேயா பொட்டு வைக்க வேண்டும்?

2. இடது பக்கம், வலது பக்கம்

ஆன் செய்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஐகான்களே வந்தன. சி டிரைவ் முழுக்க நிரம்பி சிவப்புக் கோடு.

குணாவின் வேலையில் குறை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ரேம் ஏற்றியிருக்கிறான். தேவையில்லாத சாஃப்ட்வேரை எடுத்திருக்கிறான். டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடந்த போட்டோக்களை எல்லாம் டி டிரைவில் 'ஃபேமிலி போட்டோஸ்' என்று ஒரே ஃபோல்டராகச் சேர்த்திருக்கிறான். சுத்தமான வேலை. எரிச்சலாக வந்தது.

அப்படியானால் சி டிரைவ் எப்படி நிரம்புகிறது? டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். டெஸ்க்டாப் தனி இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அதில் வைப்பதெல்லாம் சி டிரைவுக்குள்ளேதான் போய் உட்காரும். திரையின் இடது ஓரத்தில் 'அமுதா', 'அமுதா நியூ', 'அமுதா ஃபுல்' என்று வரிசையாக ஃபோல்டர்கள். வலது ஓரத்தில் 'ரேவதி', 'ரேவதி ஆல்', 'ரேவதி ஒரிஜினல்'. நடுவில் ஒன்றுமே இல்லை, வரப்பு போட்ட மாதிரி.

இரண்டு பக்கமும் திறந்தேன். அதே போட்டோக்கள். அதே கல்யாணம், அதே காதுகுத்து, அதே கடலூர் சில்வர் பீச். மொத்த ஃபேமிலி போட்டோஸும் பல தடவை காப்பி ஆகியிருந்தது. வித்தியாசம் இரண்டே இடத்தில். கிரகப்பிரவேச குரூப் போட்டோ ரேவதி பக்கத்தில் ஓரம் வெட்டப்பட்டிருந்தது, ஓரத்தில் நின்ற அமுதாவுக்குப் பாதி உடம்புதான் மிச்சம். அமுதா பக்கத்தில் ரேவதி பட்டுப்புடவையில் தனியாக நிற்கும் போட்டோக்கள் ஒன்றுகூட இல்லை.

பாம்பின் கால் பாம்பறியும். எங்கள் கடை ஆயுத பூஜை குரூப் போட்டோவில் குணாவை வெட்டிவிட்டுத்தான் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். பூசணிக்காயைக்கூட விட்டுவைத்தேன், அவனை விடவில்லை. குணா நல்ல மெக்கானிக், ஆனால் யாரையும் பார்த்து வயிறு எரியாதவன். அவனுக்கு இந்தக் கம்ப்யூட்டரின் நோய் ஆயுசுக்கும் புரியாது.

தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். அமுதா குரலைத் தாழ்த்தினாள்.

"அவகிட்ட சொல்லாதீங்க மேடம். கிரகப்பிரவேச போட்டோல என்னைய பாதியா வெட்டிட்டு ஸ்டேட்டஸ் வெச்சா. நாளைக்கி இன்னும் எதெல்லாம் வெட்டுவாளோ! அதான் எல்லாத்தயும் எனக்குன்னு ஒரு செட்டு தனியா எடுத்து வெச்சிக்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் ரேவதி கூப்பிட்டாள்.

"அக்கா என் பட்டுப் பொடவ போட்டோவ எல்லாம் டெலிட் பண்ணிட்டாங்க மேடம். கேட்டா தெரியாம கை பட்டுடுச்சுங்கிறாங்க. அதெப்டி, என் போட்டோல மட்டும் கை படுது?"

விஷயம் இதுதான். குணா ஒவ்வொரு தடவையும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போவான். ஒன்றாக இருந்தால் மற்றவள் கை வைத்துவிடுவாள் என்ற பயத்தில், அவன் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு பேரும் புதிதாகக் காப்பி எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் எல்லாவற்றையும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்தேன். போட்டோ வேலையில் இதைச் செய்யாமல் ஒன்றையும் தொடக்கூடாது. பிறகு இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே டூப்ளிகேட்டுகளைக் கழித்தேன். பட்டுப்புடவையும் முழு குரூப் போட்டோவும் அடங்கிய ஒரு செட் டி டிரைவில். பார்க்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், இருவராலும் வெட்டவோ அழிக்கவோ முடியாதபடி பூட்டினேன். ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பாஸ்வேர்ட், லாகின் திரைக்கு அவரவருக்குப் பிடித்த போட்டோ. விண்டோஸைப் புதிதாக ஒரு எஸ்எஸ்டிக்கு, அதாவது வேகமான டிஸ்க்குக்கு, மாற்றினேன். ஆன் செய்து நிமிர்வதற்குள் திரை தயாராக இருந்தது.

கிளம்பும்போது, குணாவின் ஸ்டிக்கர் மேல், பொட்டோடு சேர்த்து, என் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினேன்.

3. என் பெயரில் ரிப்பீட் கால்

மாதம் திரும்பவில்லை, குறிஞ்சிப்பாடியிலிருந்து போன். சிஸ்டம் பழையபடி ஸ்லோ.

போனை எடுத்தவர் முதலாளி. அதற்குள் குணா சபரிமலையிலிருந்து திரும்பியிருந்தான்.

"அக்கா, நா வேணா ஒரு எட்டு போய் பாத்துட்டு வரட்டா?"

உதவியாகத்தான் கேட்டான். எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றியது போல இருந்தது. "வேணாம். அங்க இருக்கறது என் ஸ்டிக்கர்" என்று பையை எடுத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் சிதம்பரம் கையை விட்டுப் போன மாதிரியே ஒரு கலக்கம்.

அங்கே போய்ப் பார்த்தால் சி டிரைவ் காலியாகத்தான் இருந்தது. திறந்து வைத்ததை எல்லாம் தாங்குகிற ரேம்தான் முழுக்க நிரம்பியிருந்தது. இரண்டு லாகினும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன. இரண்டிலும் முழு ஆல்பமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி லாகின் ஆகி அப்படியே விட்டுவிட்டுப் போக, இன்னொருத்தி அதன் மேலேயே தன் லாகினைத் திறந்திருக்கிறாள்.

"வேல முடிஞ்சா ஷட் டவுன் பண்ண மாட்டீங்களா?" என்றேன்.

அமுதா கொஞ்சம் தயங்கினாள். "கடைசியா யாரு உள்ள போனாங்களோ அவுங்க போட்டோதான மேடம் மொதல்ல வருது? காலைல எழுந்து வந்து பாத்தா, பட்டுப் பொடவ கட்டிக்கினு அவ நிக்கிறா. அதான் நா போயி என்னுத தொறந்து வெச்சிடுவேன்."

"அதுக்கப்புறம் நா வந்து பாத்தா அவுங்க நிப்பாங்க" என்றாள் ரேவதி, துணி மடித்துக்கொண்டே.

ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைக்கலாமா என்று யோசித்தேன். சரிப்படாது. கடையில் ஒரு நாள் போன் எனக்கும், மறுநாள் குணாவுக்கும் என்று வைத்தால் நான் அடங்குவேனா? அவன் முறை வரும் நாளெல்லாம் எரிந்துகொண்டுதான் இருப்பேன். நிஜமாகவே எனக்கு என்ன கிடைத்தால் ஆறும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். என்னைக் கேட்காவிட்டாலும் போகட்டும், அவனையும் யாரும் கேட்கக்கூடாது. அவ்வளவுதான்.

விண்டோஸில் அதற்கும் ஒரு செட்டிங் உண்டு. கடைசியாக உள்ளே போனவர் பெயரையும் படத்தையும் காட்டாதே என்று சொல்லிவிடலாம். வெறும் கட்டம் மட்டும் வரும், பெயரை நாமே டைப் செய்ய வேண்டும். ஒருவர் வெளியேறாமல் மற்றவர் உள்ளே வரும் வசதியையும் கூடவே மறைத்துவிட்டேன்.

"இனிமே இப்டித்தான்" என்று காட்டினேன்.

அமுதா திரையையே பார்த்தாள். "அவ மூஞ்சி வராதா?"

"வராது."

"என்னுது?"

"யார் மூஞ்சியும் வராது."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சரி."

"எனக்கும் சரிதான்" என்றாள் ரேவதி, துணியிலிருந்து தலையைத் தூக்காமலே.

சாமான்களை எடுத்து வைக்கும்போது கேபினெட்டைப் பார்த்தேன். என் ஸ்டிக்கரின் ஒரு மூலை நகத்தால் கிள்ளியது போலக் கிழிந்திருந்தது. அமுதா சங்கடமாகச் சிரித்தாள்.

"அடியில குணா சார் நம்பர் இருந்துச்சே மேடம், அதுக்குத்தான் லேசா சொரண்டுனேன்."

சட்டென்று என் ஸ்டிக்கரைப் பிடித்து உரித்தேன். அடியில் இருந்த அவனுடையதும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கேபினெட் வெறுமையாக நின்றது. எனக்கும் அமுதா சொன்னதுதான் தோன்றியது. அப்ப சரி.

4. சிதம்பரம்

அந்த வீட்டு ரிப்பீட் கால் அதோடு நின்றது. சிதம்பரம் பிராஞ்ச் எனக்குக் கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, புது ஸ்டிக்கர் அடித்தது. கடையின் பெயர், கடையின் நம்பர், அவ்வளவுதான். ஆள் பெயர் கிடையாது.

முதலாளி உருகிவிட்டார். "இன்சார்ஜ் ஆயிட்டு ஒம் பேரக்கூட போட்டுக்கலியே வளர்மதி, பெரிய மனசு ஒனக்கு. கடலூர்லயும் இதயே ஒட்டச் சொல்றேன்."

என் மனசின் அளவு எனக்குத் தெரியும்.

குணாவின் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். அவன் போன் செய்தான். "அக்கா, நல்ல காரியம் பண்ணீங்க. சோறு துன்ன உடாம போன் பண்ணுவாங்க. இப்பதான் நிம்மதியா இருக்கேன்." அவனிடமிருந்து பறித்ததுகூட அவனுக்கு உபகாரமாகப் போய் முடிந்தது.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லோ என்றால் கேபினெட்டைக் கழற்றுவதற்கு முன்னால், அதில் யார் யார் உட்காருகிறார்கள், யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது என்று பாருங்கள். ஒரே போட்டோ பல தடவை காப்பி ஆகியிருந்தால் அங்கே யாரோ யாரையோ நம்பவில்லை. அதைச் சரி செய்யாமல் ரேம் ஏற்றிப் பயனில்லை. இன்னொன்று, உங்களுக்கே கொஞ்சம் பொறாமைக் குணம் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். இந்தத் தொழிலில் அதுவும் ஒரு டூல்.

சில மாதம் கழித்து, அண்ணாமலை நகர் பக்கம் ஒரு யூனிவர்சிட்டி குவார்ட்டர்ஸ் வேலைக்கான சாமானைக் கொடுக்கக் குணா சிதம்பரம் வந்திருந்தான். எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான். கடைப் போன் அடித்தது. புது மொபைலில் எடுத்த போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று குறிஞ்சிப்பாடியிலிருந்து அமுதா.

"வளர்மதி மேடம் இருக்காங்களா?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன். "லைன் சரியில்லீங்க. யாரு வேணும்னு இன்னொரு தடவ சொல்லுங்க."