முழுப்பெயர்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுத் துணிகளை வெளுத்துத் தந்தவர் மெலிந்த மனிதர். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி அவருடைய விரல் நுனிகள் எப்போதும் வெளிறியிருக்கும். எங்கள் சால்வைகளைப் பால்போல வெளுத்துக் கொண்டுவருவார். தம்முடைய சால்வையை மட்டும் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் என் முன் நிற்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலாயாவில் நான் பார்த்த உத்தியோகத்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இருவது வருசமாய் அந்த வெள்ளைக்காரத் துரை என்னைச் 'சாம்' எண்டுதான் கூப்பிட்டவன். சண்முகநாதன் எண்டு முழுசாய்ச் சொல்ல அவனுக்கு மனம் வரேல்லை. வெள்ளைத்தோல் எண்ட திமிர்."

அவர் மூட்டையை அவிழ்த்தபடி மெல்லச் சொன்னார்.

"எனக்கும் முழுப்பேர் ஒண்டு இருக்கு, நயினார்."

குரலில் கோபம் இல்லை. ஊரில் சின்னப்பிள்ளைகள்கூட அவரைப் பாதிப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். என்ன பெயர் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

"உந்த வேட்டிக்கு நீலம் கூடிப்போச்சு" என்றேன்.

அன்று மாலை கோயில் வாசலில் வழக்கம்போலச் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினேன். முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. சுவாமிக்கு முன் நான் நிற்பதுபோல அல்லவா அவர் எனக்கு முன் நின்றிருக்கிறார்?

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "ஆருடைய பேருக்கு?" என்று கேட்டார்.

நாங்கள் உள்ளே விடாத அந்த மனிதரின் பெயருக்குச் செய்விக்க ஆசைப்பட்டேன். எனக்குத் தெரிந்ததோ பாதிப் பெயர். அதைச் சுவாமி முன்னிலையில் சொல்ல எனக்கு நா எழவில்லை.